மொரேமியில் ஒரு நாள்: வேலி இல்லாத முகாமும் தும்மிவிட்டுக் கிளம்பும் நாய்களும்

மொரேமி காட்டில் கூடாரம் போடப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுகிற விஷயம், அங்கே வேலி கிடையாது என்பது. முள்கம்பி, அகழி, மின்வேலி எதுவும் இல்லை. பெரிய மரத்தடியில் இட எண் எழுதிய ஒரு பலகை, நெருப்பு மூட்ட ஓர் இடம், கொஞ்சம் தள்ளிக் கழிப்பறையும் குளியலறையும் உள்ள ஒரு சின்னக் கட்டடம். முகாம் என்பது அவ்வளவுதான். யானையும் நீர்யானையும் கழுதைப்புலியும் சிங்கமும் அதன் வழியாகத்தான் போய் வரும்.

எங்கள் வழிகாட்டி, மவுன் என்ற ஊரில் எங்களை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். கூடவே சில கட்டளைகள். இருட்டிய பிறகு தனியாக யாரும் பத்தடிகூட நடக்கக் கூடாது. ராத்திரி கூடார ஜிப்பைத் திறக்கக் கூடாது. எந்த விலங்கைப் பார்த்தாலும் ஓடக் கூடாது. செருப்பை வெளியே விடக் கூடாது, கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போய்விடும். ஆரஞ்சுப் பழம் வண்டியில் இருக்கவே கூடாது, யானைக்கு அந்த வாசனை எட்டிவிட்டால் வண்டிக் கதவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. நான் பையிலிருந்த ஆறு ஆரஞ்சையும் எடுத்து, அங்கே நின்ற பெட்ரோல் பங்க் பையனிடம் கொடுத்துவிட்டேன்.

போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்காவுக்கு நேர் மேலே இருக்கிற நாடு. மகள் குடும்பம் அதன் தலைநகர் காபரோனில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அங்கே ஆடிட்டர் வேலை. நானும் இவரும் திருநெல்வேலியிலிருந்து போயிருந்தபோது, ஜூலை மாதம் ஜனாதிபதி தினத்தையொட்டி நான்கு நாள் விடுமுறை வந்தது. "அத்தை, இவ்வளவு தூரம் வந்துட்டு மால் மாலா சுத்தவா போறீங்க?" என்று மாப்பிள்ளை எங்களுக்குத் தெரியாமல் பல மாதம் முன்பே முகாமில் இடம் பிடித்து வைத்திருந்தார். ஒன்பது வயதுப் பேரனையும் சேர்த்து ஐந்து பேர். கூடாரம், மெத்தை, தண்ணீர்த் தொட்டி, சமையல் சாமான் எல்லாவற்றுடனும் ஒரு லேண்ட் க்ரூசர். அதை ஓட்ட, ஐம்பது வயதை ஒட்டிய அந்த வழிகாட்டி. செட்ஸ்வானா மொழியில் ஆண்களை மரியாதையாக 'ர்ரா' என்றும் பெண்களை 'ம்மா' என்றும் அழைக்கிறார்கள். அவர் என்னை 'ம்மா' என்றதில் எனக்கு வேறு மொழி என்ற எண்ணமே வரவில்லை. நாங்களும் அவரைக் கடைசிவரை 'ர்ரா' என்றேதான் கூப்பிட்டோம்.

மவுனிலிருந்து காட்டின் தெற்கு வாசல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அதற்கு மேல் ஐம்பது கிலோமீட்டர் மணலில் ஊர்ந்தால் 'மூன்றாம் பாலம்' முகாம். முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் பாலம் என்று பெயர் வைப்பதில் அலட்டிக்கொள்ளாத ஊர். எல்லாமே மொபானே மரக் கட்டைகளை வரிசையாக அடுக்கிய பாலங்கள். சக்கரம் ஏறினால் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகக் கடகடக்கும். போய்ச் சேர்ந்த அன்று இருட்டிவிட்டது. அதனால் அந்தக் காட்டை நாங்கள் சரியாகப் பார்த்தது மறுநாள்தான். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

காலை ஐந்தரைக்கு ர்ரா கூடாரத்துக்கு வெளியே நின்று "டுமெலா, ம்மா" என்றார். வணக்கம் என்று பொருள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்திருப்பவர்கள் ஜூலையில் அங்கே போய்ப் பாருங்கள். பல் தந்தியடித்தது. ஸ்வெட்டர், அதற்கு மேல் இவருடைய கம்பளி, அதற்கு மேல் மகளின் ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு, நெருப்பில் வைத்த கெட்டிலிலிருந்து கருங்காப்பி குடித்தோம். பக்கத்து மரத்தில் பறவைகளின் இரைச்சல் ஆரம்பித்தபோது வண்டி கிளம்பியது.

இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. மணல் பாதையின் நடுவே, யாரோ பழைய சாக்குகளைப் போட்டுவிட்டுப் போன மாதிரி ஏதோ கிடந்தது. ர்ரா எஞ்சினை அணைத்தார். "லெட்லால்ரா" என்றார் மெல்ல. சாக்குகளில் ஒன்று தலையைத் தூக்கியது. வட்டமான, பெரிய இரண்டு காது.

ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள். நம் முதுமலையில் பார்க்கும் செந்நாயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு இனம். கறுப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றையும் கையில் அள்ளித் தெளித்த மாதிரி உடம்பு. ஒன்றுக்கு இருக்கிற திட்டு இன்னொன்றுக்கு இருக்காது. நாய்க்கு முன்னங்காலில் ஐந்து விரல் என்றால் இதற்கு நான்குதான். உலகம் முழுக்க இப்போது மிஞ்சியிருப்பவை ஏழாயிரத்துக்கும் குறைவு என்பது கணக்கு. அதில் கணிசமான பங்கு போட்ஸ்வானாவின் இந்த வடபகுதியில் இருக்கிறது. சிங்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் பத்து நாள் சுற்றியும் இதைப் பார்க்காமல் திரும்புவது உண்டு என்று ர்ரா சொன்னார்.

பதினொன்று எண்ணினோம். ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது. இன்னொன்றின் முகத்தை நக்கியது. நாலைந்து சேர்ந்து கொஞ்சல், ஓட்டம், வால் ஆட்டல். அப்போது ஒரு நாய் 'ஹ்ச்' என்று மூக்கால் காற்றை விட்டது. தும்மல். பின்னால் இன்னொன்று. பேரன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். ர்ரா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

விஷயம் என்னவென்றால், இந்த நாய்கள் வேட்டைக்குக் கிளம்பலாமா வேண்டாமா என்பதைத் தும்மித் தீர்மானிக்கின்றன. நான் கதை விடவில்லை. இதே ஓகவாங்கோ பகுதியில் ஐந்து கூட்டங்களைப் பின்தொடர்ந்து, அவை கூடிக் குலாவிய 68 சந்தர்ப்பங்களை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்து 2017இல் வெளியிட்டார்கள். தும்மல் கூடக் கூட, கூட்டம் கிளம்பும் வாய்ப்பும் கூடுகிறது. கூட்டத்தின் தலைவனோ தலைவியோ எழுந்தால் மூன்று தும்மல் கிடைத்தாலே போதும். கீழ்நிலையில் உள்ள நாய் 'போகலாம்' என்று ஆரம்பித்தால் பத்துத் தும்மலாவது தேவைப்படுகிறது. வீட்டில் அப்பா 'கிளம்பு' என்பதற்கும் கடைக்குட்டி 'கிளம்பலாமா' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

"நம்ம ஊர்ல கிளம்பும்போது ஒத்தைத் தும்மல் போட்டா, உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லுவாங்க" என்றார் இவர். மாப்பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொன்னதும், ர்ரா எண்ணிக்கையை விட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பதினொன்றும் எழுந்து ஓட ஆரம்பித்திருந்தன.

பாதையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பாதை வளைந்த பக்கமெல்லாம் வளைந்து பின்னால் போனோம். புதருக்குள் மறைந்தன. தொலைத்துவிட்டோம் என்று நினைத்தபோது ர்ரா வானத்தைக் காட்டினார். ஒரு பாறு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று. அந்தத் திசையில் போனால், பாதையிலிருந்து முப்பது அடியில் அவை இருந்தன. அவற்றுக்கு நடுவே கிடந்தது ஓர் இம்பாலா மான். கொஞ்ச நேரம் முன்பு மானாக இருந்தது என்பதுதான் சரி.

காட்டுநாயின் வேட்டையைப் பார்த்தவர்கள் அதைக் கொடூரம் என்று எழுதியிருக்கிறார்கள். சிங்கம், சிறுத்தை மாதிரி கழுத்தைப் பிடித்து அடக்கிவிட்டுச் சாப்பிடும் வழக்கம் இதற்கு இல்லை. ஆனால் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நாங்கள் போனபோது முகமெல்லாம் சிவப்பாக, சத்தமே இல்லாமல், சண்டையே இல்லாமல் தின்றுகொண்டிருந்தன. எனக்குத் தாங்கவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பேரன் மகளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "ர்ரா ஏன் ஹாரன் அடிக்கல? அடிச்சிருந்தா மான் ஓடிப் போயிருக்கும்ல?" என்று உள்ளிருந்தே கேட்டான்.

மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். ர்ரா உடனே பதில் சொல்லவில்லை. பைனாகுலரைப் பையனிடம் நீட்டி, "கொஞ்சம் பொறு. அவை எந்தப் பக்கம் போகின்றன என்று எனக்குப் பார்த்துச் சொல்" என்றார்.

பத்து நிமிடத்தில் நாய்கள் வயிறு தொங்க எழுந்தன. எல்லாமே வடக்கே, ஒரே நேர்க்கோட்டில் ஓடின. "ஜூலையில் அவற்றுக்குக் குட்டிகள் இருக்கும்" என்றார் ர்ரா. "எங்கோ ஒரு வளையில் தாயும், காவலுக்கு ஒரு நாயும் இருக்கும். இவை போய், தின்ற இறைச்சியைக் குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். தாய்க்கும் காவல் இருந்த நாய்க்கும்கூட. காலொடிந்து வேட்டைக்கு வர முடியாத நாய்க்கும் கொடுத்து நான் பார்த்திருக்கிறேன்." வளை இருக்கிற இடத்துக்கு வண்டிகள் போகக் கூடாது, நாமும் போகப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். பையன் பைனாகுலரை இறக்கி, "வடக்குதான் போச்சு" என்றான். மானைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கவில்லை. சமாதானம் ஆனானா என்று எனக்குத் தெரியாது. மத்தியானம்வரை அதிகம் பேசவும் இல்லை.

திரும்பும் வழியில் மூன்றாம் பாலம். ஜூலையில் அங்கே வெள்ளம். இந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மாதங்களில் மொரேமியில் ஒரு சொட்டு மழை கிடையாது, வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். தண்ணீர் வருவது அங்கோலா நாட்டின் மலைமேட்டிலிருந்து. அங்கே வருடத் தொடக்கத்தில் பெய்த மழை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, நமீபியாவின் ஒரு முனையைக் கடந்து, தட்டு மாதிரி சமமான கலஹாரி மணலில் விரலை விரித்தது போலப் பரவி, இங்கே வந்து சேர ஜூன், ஜூலை ஆகிவிடுகிறது. சுற்றுப்புறமெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதத்தில் இங்கே மட்டும் தண்ணீர். அதனால்தான் இத்தனை விலங்கு. ஓகவாங்கோ ஆறு எந்தக் கடலுக்கும் போவதில்லை. பரவிய தண்ணீரில் பெரும்பகுதி வெயிலிலும் மரங்கள் வழியாகவும் ஆவியாகிவிடுகிறது, கொஞ்சம் மணலுக்குள் இறங்குகிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்து, ஆறு என்றால் புன்னைக்காயலில் போய்க் கடலில் விழும் என்று படித்தவளுக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்படித் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் உப்பு சேர்ந்து உப்பளமாகிவிட வேண்டாமா? ஆசிரியராக இருந்த பழக்கத்தில் கேட்டேன். ர்ரா வண்டியை நிறுத்தி ஒரு கறையான் புற்றைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல். வெள்ளம் வரும்போது தண்ணீருக்கு மேலே நிற்கிற ஒரே மேடு அதுதான். பறவைகள் அதில் உட்கார்ந்து எச்சமிட, விதை முளைக்கிறது, மரமாகிறது, மண் சேர்கிறது, தீவாகிறது. தீவின் மரங்கள் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை அடியிலேயே விட்டுவிடுகின்றன. உப்பு தீவின் நடுவில் தங்க, ஓடைத் தண்ணீர் இனிப்பாகவே இருக்கிறது. பல தீவுகளின் நடுவே புல்கூட முளைக்காத வெள்ளைத் திட்டு இருப்பது அதனால்தான். இந்தக் கழிமுகம் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது. பாதிக் காரியம் கறையானுடையது.

பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை காடு தூங்குகிறது. முகாமில் புளியோதரையும் அப்பளமும். பபூன் குரங்குகள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. குற்றாலத்துக் குரங்குகளின் திறமையில் இவை எள்ளளவும் குறைந்தவை இல்லை. அப்பள டப்பா போயிற்று. மஞ்சள் அலகு இருவாச்சி ஒன்று கண்ணாடியில் தன் உருவத்தைக் கொத்திக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் ர்ரா தன் ஊரைப் பற்றிச் சொன்னார்.

மொரேமிக்கு ஒரு பெருமை சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் பெரும்பாலான சரணாலயங்களை வெள்ளைக்காரர்கள்தான் கோடு போட்டு அறிவித்தார்கள். இதை மட்டும் 1963இல், நாடு சுதந்திரம் பெறுவதற்கு மூன்று வருடம் முன்பே, அந்த மண்ணுக்கு உரிய படவானா மக்களே தீர்மானித்து ஒதுக்கினார்கள். வேட்டையாலும் பெருகிய கால்நடையாலும் விலங்குகள் மறைந்துகொண்டிருந்த காலம். இறந்துபோன தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி புலானே அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். ஒரு பெண்மணி முன்னின்று நடத்திய காரியம் என்று வழிகாட்டிப் புத்தகங்களில் இருக்கிறது. நானும் அதைப் படித்துவிட்டு ர்ராவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உண்மைதான் ம்மா" என்றார். "ஆனால் என் பாட்டி படவானா இல்லை. புகாக்வே. இந்தக் காட்டுக்குள்ளேதான் பிறந்தாள்." புகாக்வே மக்கள் ஆற்றை ஒட்டி வேட்டையாடியும் மீன்பிடித்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள். காடு சரணாலயமானபோது அவர்களைக் கிளப்பி, எல்லைக்கு வெளியே, க்வாய் ஆற்றின் வடகரையில் குடியமர்த்தினார்கள். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. ர்ரா அங்கேதான் வளர்ந்தார். "என் பாட்டி சாகும்வரை ஆற்றின் இந்தக் கரையைக் கை காட்டித்தான் 'வீடு' என்று சொல்வாள். இப்போது நான் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் அந்த வீட்டுக்குள் வருகிறேன்."

கோபமாகச் சொன்னாரா என்றால் இல்லை. க்வாய் கிராமத்துக்கு இன்று சொந்தமாக ஒரு டிரஸ்ட் உண்டு, சுற்றுலாவில் ஊருக்கு வருமானம் உண்டு, பையன்கள் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அதையும் அவரே சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கழுவ எழுந்துவிட்டார். எனக்கு நம் ஊர்க் காடுகளில் புலிக்காக இடம்பெயர்ந்தவர்களின் ஞாபகம் வந்தது. காட்டுக்குள் ஒருவரும் இல்லாமல் 'தூய்மையாக' இருக்கிறது என்று படம் எடுக்கும்போது, அந்த 'ஒருவரும் இல்லாமல்' எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

மூன்றரைக்கு மறுபடி வண்டி. மாலை வெளிச்சத்தில் எல்லாமே வெளியே வந்திருந்தன. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, முழங்கால் தண்ணீரில் துள்ளி ஓடும் லெச்வே மான். அல்லி இலை மேல் தாமரைக்கோழி நடந்து போயிற்று. அதன் இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாதான் என்றதும் மகள் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். நம் பனங்காடையின் உறவுக்காரப் பறவை ஒன்று, ஊதா மார்போடு, ஒவ்வொரு காய்ந்த கிளையிலும் உட்கார்ந்திருந்தது. குளத்தில் நீர்யானைகள் மூக்கை மட்டும் நீட்டிக் கொண்டிருந்தன. இவற்றை விரிவாகச் சொல்ல நிறைய டிவி சேனல்கள் இருக்கின்றன.

யானையைப் பற்றித்தான் பேச வேண்டும். 2022 கணக்கெடுப்பில் போட்ஸ்வானாவில் மட்டும் ஏறக்குறைய 1,32,000 யானைகள். மக்கள்தொகையோ 25 லட்சத்தைத் தொடவில்லை. இருபது பேருக்கு ஒரு யானை என்று வைத்துக்கொள்ளுங்கள், திருநெல்வேலி தெரு ஒன்றுக்கு ஐந்தாறு வரும். 2014இல் வேட்டையைத் தடை செய்தார்கள், 2019இல் தடையை நீக்கினார்கள். வேட்டைக் கோப்பைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு பற்றி ஜெர்மனி பேசியபோது, 'இருபதாயிரம் யானையை உங்களுக்கே அனுப்புகிறோம், வைத்துப் பாருங்கள்' என்று 2024இல் அன்றைய ஜனாதிபதி மசீசி சொன்னது உலகச் செய்தியானது. வேட்டையை என் மனம் ஒப்பவில்லை. ஆனால் ர்ராவின் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது, ஆறு நாட்டுக்குள் நுழைகிற மேற்குப் பக்கத்தில். ஒரே ராத்திரியில் ஒரு வருடச் சோளம் போவதை அவர் சொல்லிக் கேட்ட பிறகு, காபரோனில் உட்கார்ந்துகொண்டோ சென்னையில் உட்கார்ந்துகொண்டோ தீர்ப்புச் சொல்வது சுலபமில்லை. அங்கே யானை லத்தியில் மிளகாய்த்தூளைப் பிசைந்து, செங்கல் மாதிரி காயவைத்து, வயலோரம் கொளுத்துகிறார்கள். புகை எட்டினால் யானை திரும்பிப் போகும். நம் வீட்டில் மிளகாய் சுற்றிப் போடுவதுபோல!

சிங்கத்துக்கும் அங்கே ஒரு திருஷ்டி வைத்தியம் உண்டு. மாட்டின் பின்புறத்தில் இரண்டு பெரிய கண் வரைந்துவிடுவது. பதுங்கி வருகிற சிங்கம், தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து விலகிவிடும் என்பது கணிப்பு. இந்தக் கழிமுகத்தை ஒட்டிய 14 மந்தைகளில், 2,061 மாடுகளை வைத்து நான்கு வருடம் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ அடிக்கவில்லை. ஒன்றும் வரையாத 835இல் பதினைந்து போயின. வெறும் பெருக்கல் குறி போட்ட 543இல் நான்கு. புது வீட்டு வாசலில் முழித்த கண்ணோடு பூசணிக்காய் கட்டுகிற நமக்கு இது புதிதில்லை.

ஆறு மணிக்குள் முகாம் திரும்பிவிட்டோம். சூரியன் போனதும் குளிர் தரையிலிருந்து எழும்பியது. மொபானே விறகு மெதுவாக, நெடுநேரம் எரியும். அதில் உப்புமாவுக்குத் தண்ணீர் வைத்தேன். மாப்பிள்ளையும் பேரனும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார்கள். அறுபது எழுபது அடி இருக்கும். ர்ரா கூடப் போய், உள்ளே விட்டு, சுற்றிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, விறகு எடுக்கத் திரும்பி வந்தார்.

ரவையைக் கொட்டப் போன என் கையை ர்ரா மெல்லப் பிடித்தார். பேச வேண்டாம் என்று சைகை. நான் எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. பிறகு, கழிப்பறைக் கட்டடத்தின் விளக்குக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த இருட்டு நகர்ந்தது.

ஒற்றை ஆண் யானை. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சருகுச் சத்தம்கூட இல்லாமல் எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. பாதத்துக்கு அடியில் மெத்தை மாதிரி சதை உண்டு என்று பிறகு ர்ரா விளக்கினார். அங்கே நின்ற வேல மரத்தடியில் நெற்று உதிர்ந்து கிடந்தது. அதை ஒவ்வொன்றாகத் தும்பிக்கை நுனியால் பொறுக்கி வாயில் போட ஆரம்பித்தது. அவசரமே இல்லை.

மகள் எழுந்தாள். ர்ரா தலையை மட்டும் ஆட்டினார். அவள் உட்கார்ந்துவிட்டாள். என் முழங்கையைப் பிடித்த அவள் விரல்கள் ஐந்தும் மறுநாள்வரை தெரிந்தன. கழிப்பறை வாசலில் டார்ச் வெளிச்சம் ஒரு தரம் தெரிந்து உடனே அணைந்தது. மாப்பிள்ளை பார்த்துவிட்டார் என்று புரிந்தது. கட்டடத்துக்குள் இருக்கிறவரை பயமில்லை. ஆனால் பையன் பயந்து ஓடி வந்தால்? அந்த ஒரு நினைப்புதான். நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானையிடம் ஆசீர்வாதம் வாங்கிப் பழகிய பிள்ளை. யானை என்றால் தலையில் தும்பிக்கை வைக்கும், வாழைப்பழம் வாங்கும் என்று தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை.

"ர்ரா, எதாவது செய்யுங்களேன்" என்றேன், காற்றாக.

"செய்துகொண்டுதான் இருக்கிறேன் ம்மா. உட்கார்ந்திருக்கிறேன்."

யானை நெற்றைப் பொறுக்கிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தது. வண்டியின் தண்ணீர்த் தொட்டியை மோந்து பார்த்தது. தும்பிக்கை குழாயைத் தடவுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவ வைத்திருந்த வாளியைக் கண்டுபிடித்து, ஒரே இழுப்பில் காலி செய்தது. நெருப்பு வெளிச்சத்தில் அதன் கண் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. இவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக் கொண்டிருந்தார். பிறகு காதை ஒரு முறை விசிறிவிட்டு, வந்த மாதிரியே, சத்தமில்லாமல் தண்ணீர்ப் பக்கம் இறங்கிப் போயிற்று. முப்பத்தைந்து நிமிடம் என்று மகள் சொன்னாள். இன்னும் பத்து நிமிடம் பொறுத்துத்தான் ர்ரா போய் இருவரையும் கூட்டி வந்தார்.

"ஆச்சி, நான் ஓடல. நிக்கச் சொன்னாங்கல்ல, நின்னுட்டேன்" என்றான் பேரன். உள்ளே இருட்டில் அப்பாவும் மகனும் ஊர்ப்பெயர் விளையாட்டு விளையாடியிருக்கிறார்கள், ரகசியக் குரலில். 'னா'வில் முடிந்த போட்ஸ்வானாவுக்கு அடுத்த ஊர் கிடைக்காமல் அப்பா தோற்றுவிட்டாராம். மகள் ஒன்றும் பேசாமல் அவனை இழுத்து வைத்துக்கொண்டாள். உப்புமா கட்டியாகத்தான் வந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

ராத்திரி முழுக்கச் சத்தம். கழுதைப்புலியின் ஊளை, கீழே ஆரம்பித்து மேலே வளைந்து ஏறும். விடியும் முன்பு எங்கோ ஒரு சிங்கம் விட்டு விட்டுக் கர்ஜித்தது. எட்டு கிலோமீட்டர் தூரம்கூடக் கேட்குமாம். எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில் கூடாரத்தை மடிக்கும்போது பேரன் மணலில் குனிந்திருந்தான். வட்டமான பெரிய கால்தடம். அதன் மேலேயே கழுதைப்புலியின் தடம். இவருக்கு அப்போதுதான் பழைய ஞாபகம் வந்தது. முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் உயரம் என்று, சின்ன வயதில் ஒரு பாகன் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கூடாரக் கயிறு ஒன்றை எடுத்து, தாத்தாவும் பேரனும் மண்டியிட்டுத் தடத்தைச் சுற்றிப் பிடித்தார்கள். ஐந்தேகால் அடி. "அப்ப பத்தரை அடி!" என்று கத்தினான்.

ர்ரா வந்து எட்டிப் பார்த்தார். இந்தக் கணக்கை அவர் கேள்விப்பட்டதில்லையாம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்று பையனிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, நான்கு தடத்தில் முன்னங்கால் எது, பின்னங்கால் எது என்று அவனுக்குக் காட்டித்தர ஆரம்பித்தார்.